எந்த அடி?

தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலை நோக்கித் தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில் நண்டலாற்றைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் பூவம். ஆற்றுக்கு வடகரை தமிழ்நாட்டைச் சேர்ந்தது, தென்கரை புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது என்பதைச் சோதனைச் சாவடியும் கடைகளின் பலகைகளும் அறிவிக்கின்றனவேயன்றி, வயலுக்கும் வாய்க்காலுக்கும் அந்தப் பேதம் தெரிவதில்லை. ஆயினும் சுவர் எழுப்புகிறவர்களுக்கும் நிலம் அளக்கிறவர்களுக்கும் அந்தப் பேதம் நெடுங்காலம் மிகவும் மெய்யானதாகவே இருந்தது. இன்று கட்டடக் கலைஞர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து ஒரு வீட்டை உருவாக்கத் தொடங்கும்போது, எந்த அலகில் வரையப் போகிறீர், எவ்வளவு நுட்பம் வேண்டும், எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மென்பொருள் கேட்கிறது. பெரும்பாலோர் அக்கேள்வியைப் படிக்காமலே தள்ளிவிட்டு முதற்கோட்டை இழுத்துவிடுகின்றனர். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாத நிலை இந்தக் காவிரிக் கடைமடையில் ஒரு காலத்தில் இருந்தது; அந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள் அதை அவ்வளவு எளிதில் தள்ளிவிடமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூவத்தில் நின்ற ஒருவரைச் சுற்றி ஐரோப்பியக் கொடிகள் எத்தனை பறந்தன என்று பார்ப்போம். வடக்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர்கள் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரையில் குடியிருந்தனர். தெற்கே நாகப்பட்டினம், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அதைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1781 வரையில் அங்கே இருந்தனர். பூவம் அடங்கிய காரைக்கால் வட்டாரத்தில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். கடலூரிலும் சென்னையிலும் ஆங்கிலேயர்கள். அவர்களே பின்னாளில் சுற்றிலும் உள்ள தஞ்சை நாடு முழுமைக்கும் அதிபதிகளானார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கணக்குப் புத்தகத்தையும் வேதபுத்தகத்தையும் கொண்டுவந்ததோடு தத்தம் அடிக்கோலையும் கொண்டுவந்தனர் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் அதிகமாகச் சொல்வதில்லை.

ஆங்கிலேயர் அடி 30.48 செ.மீ. டேனியர் அடி 31.39 செ.மீ.; அதுவும் ஓலே ரோமர் என்னும் வானியல் அறிஞர் ரைன்லாந்து அடியை ஆதாரமாகக் கொண்டு 1683இல் நாடு முழுவதற்கும் ஒரே பிரமாணமாக நிர்ணயித்துக் கொடுத்தது. அதாவது, டான்ஸ்போர்க் எழும்பத் தொடங்கி அறுபத்து மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே அதைக் கட்டியவர்களின் தாய்நாட்டில் அடி என்பது ஒன்றாயிற்று. டச்சுக்காரர்களின் நில அளவைக்கும் அந்த ரைன்லாந்து அடியே உரியது. பிரெஞ்சு மன்னரின் அடியோ 32.48 செ.மீ.; அது பன்னிரண்டு அங்குலமாகவும், ஒவ்வோர் அங்குலமும் பன்னிரண்டு கோடாகவும் பிரியும்; ஆறடி கொண்டது ஒரு துவாஸ். பத்தடி நீளம் என்று ஒரு சுவருக்கு ஓலையில் எழுதினால், ஆங்கிலேயர் கோலில் அது 304.8 செ.மீ., டேனியர் கோலில் 313.9, பிரெஞ்சுக் கோலில் 324.8. நண்டலாற்றின் இரு கரைகளிலும் ஒரே ஓலையை வைத்துக்கொண்டு இரண்டு கொத்தனார்கள் கட்டினால் ஒருவர் சுவர் மற்றவர் சுவரைவிட ஏறத்தாழப் பதினொரு செ.மீ. நீளும். காரைக்காலுக்கும் கடலூருக்கும் இடையிலோ இந்த வேற்றுமை முழுதாக ஒரு செங்கல் நீளம்.

இத்தோடு முடியவில்லை. பாரிஸில் புரட்சி நடந்து, 1795ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் பிறந்து, 1799இல் அதன் நீளம் பழைய கோட்டளவில் 443.296 என்று தீர்மானிக்கப்பட்டது. மக்கள் அதை ஏற்க மறுக்கவே, 1812இல் நெப்போலியன் ஒரு சமாதானம் செய்தான். துவாஸ் என்ற பெயர் இருக்கட்டும், ஆனால் அது சரியாக இரண்டு மீட்டராக இருக்கட்டும். அடி என்ற பெயர் இருக்கட்டும், அது மீட்டரில் மூன்றில் ஒரு பங்காக இருக்கட்டும் என்பது அவன் கட்டளை. ஆங்கிலேயரிடம் பலமுறை கைமாறிய காரைக்கால் 1817இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அப்போது பிரான்சில் நடப்பிலிருந்தது 33.33 செ.மீ. கொண்ட இந்தப் புது அடிதான். 1840ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து மீட்டர் ஒன்றே சட்டப்படி செல்லும் என்றாகும் வரையில், பெயர் ஒன்றாயும் பொருள் இரண்டாயும் இருந்த அடிகள் பிரான்சிலேயே உலாவின. கணினி வரைபடக் கோப்பு ஒன்றில் எண் மட்டும் இருந்து அலகு இல்லாமற்போனால் நேரும் குழப்பத்தை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பியர் வருமுன்னர் இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்லிப் பெருமைப்பட நான் முற்படவில்லை. குழி என்பதையே எடுத்துக்கொள்ளலாம்: தஞ்சை நாட்டில் பன்னிரண்டடிக் கோலின் சதுரமாகிய 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, புதுச்சேரிப் பக்கத்திலோ இருபத்துநாலடிச் சதுரமாகிய 576 சதுர அடி ஒரு குழி. ஆனால் நுட்பத்தில் நம்மவர் பின்வாங்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராஜராஜன் காலத்து நில அளவைக் கணக்கு, முந்திரி, கீழ்முந்திரி, அதன் கீழ் என்று இறங்கி இறங்கி, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரையில் போகிறது. இன்றைய வேலிக் கணக்கில் அதைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர் வருகிறது. பதினாறு சாண் கோலை இரண்டு ஆள் பிடித்துச் சேற்று வயலில் நடந்து அளந்த அளவை அது. வரப்பின் அகலமே ஒரு முழம் இருக்கும்போது அரைச் சதுர மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? வகுத்தலிலிருந்து வந்தது. கணக்கன் மீதியைத் தள்ள மனமில்லாமல் கடைசிவரை எழுதிவைத்தான். கோல் அதை அறியாது. காட்டப்படும் நுட்பம் வேறு, கைக்கொள்ளப்படும் துல்லியம் வேறு என்ற உண்மை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அளவுத் தாளில் எட்டுத் தசம இலக்கம் காட்டும் மென்பொருளைக் கண்டு மயங்குகிறவர்கள் தஞ்சைக்கு ஒருமுறை சென்று வரலாம்.

ஸ்தபதிகளின் மரபு இதைவிட ஆழமானது. எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை என்று தொடங்கி, மயிர், நுண்மணல், கடுகு, எள், நெல் என்று எட்டெட்டாக ஏறி, எட்டு நெல் ஒரு விரல் என்று வந்து நிற்கும் வாய்பாடு கணக்கதிகாரத்தில் உண்டு. பன்னிரண்டு விரல் சாண். இரண்டு சாண் முழம். நான்கு முழம் கோல். ஆனால் சிற்ப சாஸ்திரம் முழத்தை ஒன்றாக நிறுத்தவில்லை. இருபத்துநான்கு விரல் கொண்டது கிஷ்கு, இருபத்தைந்து கொண்டது பிராஜாபத்தியம், இருபத்தாறு கொண்டது தனுர்முஷ்டி, இருபத்தேழு கொண்டது தனுர்கிரகம் என்று நான்கு முழங்களை மயமதம் முதலிய நூல்கள் வகுத்து, ஆசனம், வாகனம் போன்ற சிறு பொருள்களுக்கு முதலாவது, விமானத்துக்கு இரண்டாவது, மற்றக் கட்டடங்களுக்கு மூன்றாவது, கிராமத்தை வகுப்பதற்கு நான்காவது என்று பிரயோகமும் சொல்லியிருக்கின்றன. ரைனோ என்னும் மாதிரியமைப்பு மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்தால், சிறு பொருள்களுக்கு ஒரு தொடக்கப் படிவம், பெரும் பொருள்களுக்கு வேறொரு தொடக்கப் படிவம் என்று இரண்டு வகையாகத் தருகிறார்கள். முன்னதில் பொறுக்கப்படும் பிழை நுண்ணியது, பின்னதில் சற்றுத் தாராளமானது. ஒரு மோதிரத்துக்கும் ஒரு மண்டபத்துக்கும் ஒரே பிரமாணம் பொருந்தாது என்பதை அறிந்தவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

விக்கிரகம் வார்க்கும்போது ஸ்தபதி இன்னும் ஒரு படி மேலே போகிறார். உத்தம தசதாலம் என்ற முறையில் தெய்வ உருவத்தின் மொத்த உயரத்தை 124 சம பாகமாக்கி, அந்தப் பாகத்தையே அங்குலமாகக் கொண்டு முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று வகுக்கிறார். அந்த அங்குலம் அந்த விக்கிரகத்துக்கு மட்டுமே சொந்தம். அடுத்த விக்கிரகத்துக்கு அங்குலம் வேறு. அதற்கான ஓலையை வெட்டி மடித்து அடையாளமிட்டு வைத்துக்கொண்டால் இங்கிலீஷ் அடியும் வேண்டாம், பிரெஞ்சு அடியும் வேண்டாம். அரசர்கள் மாறியும் கொடிகள் மாறியும் இந்தக் கரையோரத்துக் கோயில் வேலை தடுமாறாமல் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது.

ஆனால் வீடு கட்டுகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஏனெனில் அங்கே ஆயாதிக் கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது. அளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து வரும் மீதி யோனி எனப்படும். சில நூல்கள் அகலத்தையும் சில சுற்றளவையும் இதற்குக் கொள்கின்றன. மீதி ஒன்றானால் கொடி, மூன்றானால் சிங்கம், ஐந்தானால் ரிஷபம், ஏழானால் யானை, இவை நல்லவை. இரண்டு புகை, நான்கு நாய், ஆறு கழுதை, மீதியின்றி வகுபட்டால் காகம், இவை ஆகாதவை. சுற்றளவு 43 என்று வைத்துக்கொண்டால் மும்மடங்கு 129, மீதி ஒன்று, கொடி, வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அதுவே 44 ஆனால் மும்மடங்கு 132, மீதி நான்கு, நாய். ஓர் அலகு வித்தியாசத்தில் சுபம் அசுபமாகிவிடுகிறது, நடுவே இடமில்லை. இப்படிப்பட்ட கணக்கில் சகிப்பு என்பது பூஜ்யம். அளப்பது எந்த அலகில், எந்தக் கோட்டில், சுவரின் உள்முகத்திலா வெளிமுகத்திலா என்பது முன்னதாகத் தீர்மானமாக வேண்டும்; முழத்தில் கொடியாக இருப்பது அடியில் கழுதையாகலாம், மீட்டரில் காகமாகலாம். மனையடி சாஸ்திரப் புத்தகங்களில் ஆறடி முதல் வரிசையாகப் பலன் சொல்லியிருப்பதைக் கணினியில் சேர்த்துத் தரும் பொறியாளர்களைக் கேட்டால் தெரியும்: அறை பத்தடிக்கு ஒரு நூல் குறைந்தது என்று வீட்டம்மாள் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சுவரின் பூச்சுக் கனமே அதைவிட அதிகம் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

நூல் என்று சொன்னேன். தமிழ்நாட்டுத் தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். ஒரு விரலுக்கு எட்டு நெல் என்ற பழைய வகுப்பு ஆங்கிலேயர் அங்குலத்துக்குள் குடிபுகுந்து நூலாக நிலைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. இதை நான் வற்புறுத்தமாட்டேன். ஆட்டோகேடு என்னும் வரைபட மென்பொருளில் அலகுகளுக்கான சாளரத்தைத் திறந்து அடி-அங்குல முறையைத் தேர்ந்தால், அதன் கீழே நுட்பம் என்ற பட்டியலில் அரை, கால், எட்டில் ஒன்று என்று தொடங்கி 256இல் ஒன்று வரையில் வரிசை இறங்குகிறது. எட்டில் ஒன்று என்ற வரியைத் தேர்ந்தெடுக்கும் காரைக்கால் பொறியாளர், அறிந்தோ அறியாமலோ, மேஸ்திரியின் நூலைத் தேர்ந்தெடுக்கிறார்.

அந்த நூலளவு எவ்வளவு எளிதில் கைநழுவும் என்பதற்குக் காவிரி நாட்டில் ஒரு பிரசித்தமான சாட்சி இருக்கிறது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் படுக்கவைத்து, கூடாரத்தின் நிழலில் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தம் செய்தார். பத்து டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் அந்தச் சங்கிலி ஏறக்குறைய ஒரு நூல் நீண்டுவிடும். பனைமரங்களும் தென்னைகளும் மறைக்கும் இந்தச் சமதரையில் உயரமான இடம் தேடிக் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கிக்கொண்ட அவர், 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தம் பெரிய கோணமானியை ஏற்றும்போது கயிறு தவறி அது விமானத்தில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். விமானத்தைக் கட்டியவர்களின் முழமும் அதன்மேல் ஏற்றப்பட்ட கருவியின் பாகையும் அன்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டன என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டபூர்வமான இணைப்பு 1962 ஆகஸ்டு 16. ஹெக்டேரும் ஆரும் செந்தியாரும் பழகிய ஒரு சிறு பிரதேசம், ஏக்கரும் சென்டும் பழகிய ஒரு பெருந்தேசத்தோடு சேர்ந்தது. சேர்ந்த வேளையில் அந்தப் பெருந்தேசமே மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது: 1956இல் எடை அளவுச் சட்டம், 1957 ஏப்ரலில் நயா பைசா, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகளின் தொடக்கம். எனவே பூவத்துக்குப் புதிதாக வந்தது அடியும் சென்டும்தான். அதுவும் சட்டத்தால் வந்ததன்று, ஆற்றைக் கடந்து பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவாலும், வடகரையிலிருந்து வேலைக்கு வந்த கொத்தனார்களாலும் வந்தது. இன்றைக்கும் பட்டாவில் ஆர், பேச்சில் குழி, மனை விற்பவர் வாயில் சதுர அடி.

அலகு வெறும் கணக்கல்ல, பொருளும் ஆகும் என்பதற்குக் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைக் காட்டலாம். கணபதி ஸ்தபதி வகுத்த அந்தச் சிலை 2000ஆம் ஆண்டு தொடக்க நாளில் திறக்கப்பட்டபோது நாட்டில் மெட்ரிக் முறை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் பீடமாகவும் மற்ற இரு பாலின் அதிகாரங்கள் உருவமாகவும் நிற்க வேண்டுமானால் அடியில்தான் நிற்க முடியும், 40.5 மீட்டர் என்று சொன்னால் உயரம் மட்டுமே மிஞ்சும்.

மென்பொருள்களின் உள்ளறைக்குள் இனிப் போகலாம். ஆட்டோகேடுக்கு ஒரு கோட்டின் நீளம் 3000 என்றால் அது வெறும் 3000. மில்லிமீட்டரா அங்குலமா என்பது கோப்பில் தனியாக ஒட்டிவைக்கப்படும் ஒரு குறிப்பு. அதை ஒட்டாமல் விட்டு இன்னொருவருக்கு அனுப்பினால், வந்து சேர்கிற வீடு 25.4 மடங்கு பெருத்தோ சிறுத்தோ போகும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆகையால் அது அபாயமற்றது. ஸ்கெட்சப் எந்த அலகில் காட்டினாலும் உள்ளே அங்குலத்திலேயே எண்ணி, ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்குள் வரும் இரண்டு புள்ளிகளை ஒரே புள்ளியாகப் பாவிக்கும். கதவுக் கைப்பிடியின் நெளிவை அதில் உண்மை அளவில் வரைந்து பார்த்தவர்கள் பரப்புகள் பொத்தல் பொத்தலாக விழுவதைக் கண்டிருப்பார்கள். ரெவிட் திரையில் மில்லிமீட்டர் காட்டினாலும் உள்ளே தசம அடியிலேயே சேமிக்கிறது. மெட்ரிக் சட்டம் வந்து அறுபது ஆண்டுக்கு மேலான ஒரு நாட்டில், மீட்டரில் அனுமதி பெறப்போகும் ஒரு வீட்டின் ஒவ்வொரு சுவரும், யாரும் கேளாமலே, ஒருமுறை அடியாகிப் பிறகே மீட்டராகிறது.

பெருத்துப்போகும் பிழையைவிடச் சிறுகச் சேரும் பிழையே தொல்லை. முப்பதடி நீளத் தாழ்வாரத்தை ஏழு சமக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணினி உள்ளே சரியாகவே வகுத்து வைத்திருக்கும்; ஆனால் நுட்பம் எட்டில் ஒன்று என்று குறித்திருந்தால் தாளில் ஒவ்வொரு கட்டமும் 4 அடி 3 அங்குலம் 3 நூல் என்று அச்சாகும். ஏழையும் கூட்டினால் 29 அடி 11 அங்குலம் 5 நூல். மூன்று நூல் எங்கோ போயிற்று. அனுபவமுள்ள மேஸ்திரி கட்டத்துக்குக் கட்டம் நாடாவை எடுத்து எடுத்து வைப்பதில்லை. ஒரு மூலையில் ஆணி அடித்து நாடாவின் நுனியை அதில் மாட்டி, கடைசி வரையில் ஒரே ஓட்டமாக இழுத்து, அந்த ஓட்டத்திலேயே தூண்களின் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, பிறகுதான் நூல் பிடிப்பார். தாளிலும் ஒரே தொடக்கத்திலிருந்து ஓட்ட அளவு போட்டுக் கொடுத்தால் அந்த மூன்று நூல் தொலையாது.

செங்கல்லுக்கு இருக்கும் மன்னிப்பை இங்கே ஒப்பிடலாம். இந்தியத் தரக் குறிப்பு 1077இன்படி 190 மி.மீ. நீளச் செங்கல்லை ஒவ்வொன்றாக அளந்து தீர்ப்புச் சொல்வதில்லை. இருபது கல்லை வரிசையாக அடுக்கி, மொத்த நீளம் 3720 மி.மீ.க்குக் குறையாமலும் 3880க்கு மிகாமலும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தலைக்கு நான்கு மில்லிமீட்டர், அதாவது ஒரு நூலுக்கு மேலேயே, கூடவும் குறையவும் இடமுண்டு. சூளையிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமுமன்று; மிச்சத்தைக் கலவையின் இடைவெளி சரிசெய்துகொள்ளும். இப்படிப்பட்ட கல்லால் எழும் சுவருக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு காட்டும் வரைபடத்தைக் கொடுப்பவர், இராஜராஜனின் கணக்கனைப்போல வகுத்தலின் மீதியைத்தான் எழுதுகிறார்.

நுட்பத்தை எங்கே கைவிடக்கூடாது என்பதற்கும் பூவத்திலேயே உதாரணம் உண்டு. நிலத்தைச் செயற்கைக்கோள் கருவியால் அளந்து தருகிறவர்கள் உலகளாவிய அச்சுத்தூரக் கணக்கில் புள்ளிகளைக் கொடுக்கிறார்கள்; இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 லட்சம் மீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருப்பதால் ஒவ்வொரு மனை மூலைக்கும் ஏழு இலக்க எண் வருகிறது. அதை அப்படியே மாதிரியில் ஏற்றினால், திரையில் வரையும் பகுதி பல மென்பொருள்களில் 24 இரும இலக்கத்துக்குமேல் ஏந்தாதாகையால், அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விழுந்து, சுவர்கள் பல்லிளித்து நடுங்கும். மனையின் ஒரு மூலையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதன் உலக இடத்தைத் தனியாக எழுதிவைத்தால் நடுக்கம் போய்விடும். ஸ்தபதி பிரம்மஸ்தானத்தில் ஆப்பு அடித்துவிட்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் அளப்பதும் இதே உபாயம்.

அனுமதிக்கு மீட்டர், வேலையிடத்துக்கு அடி என்ற இரட்டை வியவகாரம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. மாடி உயரம் வரைபடத்தில் 3 மீட்டர். இருபது படி, படிக்கு 150 மி.மீ. மேஸ்திரி அதைப் பத்தடி என்றும் படிக்கு ஆறங்குலம் என்றும் வாங்கிக்கொள்கிறார். ஆறங்குலம் 152.4 மி.மீ. ஆகையால் இருபது படிக்கும் சேர்த்து 48 மி.மீ. ஏறிவிடும்; ஏறக்குறைய படியில் மூன்றில் ஒரு பங்கு. தளமும் பத்தடியிலேயே போடப்பட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. தளத்தை மீட்டர் நாடாவால் ஒருவரும் படியை அடி நாடாவால் இன்னொருவரும் போட்டிருந்தால், கடைசிப் படி மற்றவற்றைவிடக் குள்ளமாக வந்து நிற்கும். அப்போது மேஸ்திரி மேல்தளத்து வாசலில் கல் பதிக்கும்போது அடிக் கலவையை இரண்டங்குலம் கனமாக்கி, அறைக்குள் போகப் போகச் சரிவாகக் குறைத்துக்கொண்டு வருவார்.